மாப்பிள்ளை மறுத்த பால்

“பால் வேண்டாங்க.”

பெண் பார்க்க வந்த சேதுபதி இப்படிச் சொல்லி வெள்ளித் தம்ளரை நகர்த்தியதும், காஜா பேராங் ஊரில் அப்பாசாமி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டேந்தி நின்ற மகள் சிவகாமசுந்தரி மாப்பிள்ளையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தட்டோடு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. பெண் கொடுக்கும் பாலை மாப்பிள்ளை குடித்தால் சம்மதம். குடிக்காவிட்டால் பெண் பிடிக்கவில்லை. மலாயா தன் கொடியை மாற்றிக்கொண்டுவிட்டது. வழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் வீடுகளுக்கு இன்னும் மனம் வரவில்லை!

அப்பாசாமிக்குப் பழைய நினைவு வந்தது. சென்ற ஆண்டு புக்கிட் ரம்பாயிலிருந்து வந்தவர்களும் இதே கூடத்தில்தான் பாலை வைத்துவிட்டு எழுந்தார்கள். “பொண்ணு மூஞ்சியெல்லாம் ஒரே பருவா இருக்கே” என்று, அவள் காதில் விழும்படியாகவே சொல்லிப் போனார்கள்.

மகள் அன்று அழவில்லை. மறுநாள் வழக்கம்போல் தட்டச்சு வேலைக்குப் போனாள். அழுதவர் அப்பாசாமிதான். இன்றோ அவள் முகம் துடைத்து வைத்த குத்துவிளக்காய் இருக்கிறது. இதிலும் என்ன குறை கண்டார்கள்?

அவருடைய அக்காள் அஞ்சலை பொங்கிவிட்டாள்.

“ஏன் தம்பி, என் மருமகளுக்கு என்ன கொறச்சல்? மொகத்தைப் பாத்தீங்கல்ல? எல்லாம் நான் அரைச்சுப் பூசின மஞ்சளும் சந்தனமும்! ஒரு பரு காட்டுங்க பாப்போம்!”

“ஒரு கொறையும் இல்லைங்க.” சேதுபதி குனிந்த தலை நிமிரவில்லை. பரு இருந்தது அவன் கன்னத்தில்தான். சில வாடியும், சில வாடுவதற்கு நாள் பார்த்துக்கொண்டும்.

“அப்புறம் பாலு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இந்த வீட்டில பாலுக்கே மரியாதை போச்சுலா. ஆபீசு போற இந்தப் பொண்ணும் கொஞ்ச நாளா அதைத் தொடறதில்ல. கோப்பி ஓ, கோப்பி ஓன்னு பாலில்லாத கறுப்புத் தண்ணியை ஊத்திக்கிறா. இப்ப மாப்பிள்ளையுமா?”

உடன் வந்திருந்த சேதுபதியின் அக்காள் பாக்கியலட்சுமி, தம்பியின் விலாவில் இடித்தாள்.

“பொண்ணு படத்தைப் பாத்ததிலேருந்து பல்லைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சியே! இப்ப என்னடா வந்துச்சு? ஒரு வாய் குடிச்சுத் தொலை!”

“முடியாதுக்கா.”

“ஏன்?”

 சேதுபதியின் காது மடல்கள் சிவந்தன.

அப்பாசாமி எழுந்து நின்றார். எப்போதும் தணிந்தே பேசும் அவர் குரல் உயர்ந்தது. “தம்பி, புடிக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க. என் மகளை இன்னொரு தடவை தட்டைத் தூக்கிட்டு யார் முன்னாடியும் நிக்க வைக்க மாட்டேன்.”

அந்தச் சொல் சேதுபதியைச் சுட்டிருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து சிறு காகித உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளிருந்து இரு நிறக் குளிகை ஒன்று உருண்டு வந்தது.

“ரொம்பப் புடிச்சதாலதாங்க ஐயா இந்தப் பாடு. தெங்கேராவில ஒரு டாக்டர் பருவுக்குக் குடுத்த கேப்சூல் இது. உள்ளுக்குச் சாப்பிடணும். பால் சேர்ந்தா வேலை செய்யாதாம். வர்ற வழியிலதான் ஒண்ணு முழுங்கினேன். கல்யாணத்துக்குள்ள இந்த மொகம் கொஞ்சம் தெளியட்டுமேன்னு...”

“அடப்பாவி, எங்கிட்டகூடச் சொல்லலையே!”

“சொன்னா சிரிப்பியேக்கா.”

அக்காள் அப்போதே சிரித்தாள்.

அப்பாசாமிக்கு உள்ளம் குளிர்ந்தது. பெண்ணின் பருவுக்குத் தீர்ப்பு எழுதும் ஊர், ஆணின் பருவை என்றேனும் விசாரித்ததுண்டா? யாரும் கேளாதிருக்கையில் தானே நாணி, தானே மருந்துண்ணும் இந்தப் பிள்ளையை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அஞ்சலைக்கோ மனம் இறங்கவில்லை. “மூஞ்சியில இருக்கற பருவுக்கு வயித்துக்குள்ள மருந்தா? மஞ்சள்ல போற சங்கதிக்கு டாக்டரு கேக்குதா? இப்பவே மாத்திரை தின்னா, நாளைக்கு என் மருமக இவருக்கு நர்ஸ் வேலையா பாக்கணும்? வேண்டாண்டா அப்பாசாமி. வேற எடம் பாப்போம்.”

அக்காள் பேச்சை மீறி அறியாதவர் அப்பாசாமி. எழுந்து நின்றவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். பாக்கியலட்சுமி முகம் சுண்டிப்போய்க் கைப்பையைத் தேடினாள்.

அடுக்களைத் திரை விலகியது. சிவகாமசுந்தரி மீண்டும் தட்டோடு வந்தாள். இம்முறை வெள்ளித் தம்ளர் இல்லை; ஆவி பறக்கும் கோப்பி ஓ, இரண்டு பீங்கான் கோப்பைகளில்.

ஒன்றைச் சேதுபதியிடம் நீட்டினாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சூட்டையும் பாராமல் ஒரே மூச்சில் குடித்து, வெறும் கோப்பையை அப்பாசாமிக்குத் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினான்.

“சரிதான், வழக்கத்தையே மாத்திட்டீங்களா?” என்று கன்னத்தில் கை வைத்தாள் அஞ்சலை. “அந்த இன்னொண்ணு யாருக்குடி? அவங்க அக்கா பால் குடிப்பாங்கல்ல?”

சிவகாமசுந்தரி தட்டைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எனக்கும் அதே டாக்டர்தான், அத்தை.”