பட்டறைக் கண்ணாடி

போன ஆடி வெள்ளியன்று அம்மன் கோயிலில் கூழுக்கு நிற்கும்போது, சந்திரிகாதான் இதை எனக்குச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு முடிச்சூரில் கிரில் பட்டறை.

அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காலை பட்டறையில் ஒரே சத்தமாம்.

"பிரேம்! கண்ணாடி எங்கடா?"

இரும்பு தேய்த்துக்கொண்டிருந்த பிரேம் மிஷினை நிறுத்தினான். வலது கண் சிவந்து நீர் வடிந்தது.

"வூட்ல கீது சார்."

"வூட்ல இன்னாத்துக்கு? பொறி கண்ணுல விழக்கூடாதுன்னுதானே என் கைக்காசைப் போட்டு எல்லாருக்கும் வாங்கினேன்!"

"மச்சான் அதை மாட்டிக்கினு பீச்சுக்குப் போறான் சார்!" என்றான் வெல்டர் துரை.

எல்லாரும் சிரித்தார்கள். பிரேம் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் கண்ணாடியோட வா. இல்லன்னா வேலைக்கே வராத. உனக்குக் கண்ணு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நியாயமான பேச்சுதானே?

மதியம் முனிரத்தினம் சாப்பிட அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தார். வீட்டில் பழைய பாத்ரூமை இடித்துக் கட்டும் வேலை. சித்தாள் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து, உளியும் சுத்தியுமாக டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். சில்லு நாலாபக்கமும் தெறித்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கன்னு நேத்தே சொன்னேனே?" என்றாள் சந்திரிகா.

"அதான் சொன்னேன்ல? அது மேஸ்திரி பாடு. ஆள் அவரோடது. நம்ம எதுக்குச் செலவு பண்ணணும்?"

சத்தம் கேட்டுச் சித்தாள் திரும்பினாள். அவள் கண்ணில் கண்ணாடி இருந்தது. அதன் பட்டையில் பெயிண்டில் எழுதியிருந்தது முனிரத்தினத்தின் பட்டறைப் பெயர்.

"இது... யாரும்மா குடுத்தது?"

"எங்க வூட்டுக்காரரு சார். நேத்து கண்ணுக்குப் பக்கத்துல சில்லு பட்டுடுச்சு. 'நீ மாட்டிக்கோ சரிதா'ன்னு அவருதைக் குடுத்துட்டாரு."

"அப்போ அவனுக்கு?"

"அவரு மொதலாளி ரொம்ப நல்லவராம் சார். வேலை செய்றவங்க கண்ணுன்னா பதறுவாராம். கேட்டா இன்னொண்ணு குடுப்பாருன்னு சொன்னாரு."

சந்திரிகா தட்டைப் போட்டு வைத்திருந்தாள். அவர் உட்காரவில்லை. குரோம்பேட்டை ஹார்டுவேர் கடைக்கு வண்டியை எடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் இடிக்கிற வேலை ஏதாவது நடக்கிறதா? ஒரு நடை உள்ளே போய், வேலை செய்கிறவர் கண்ணைப் பார்த்துவிட்டு வாங்களேன்.