நாய்க்குப் போட்ட விளக்கு

பல்பு இரண்டும் புதுசு. கண்ணாடியில் படிந்திருந்த மஞ்சளையும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து எடுத்தாயிற்று. இருந்தும் பட்டறைச் சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சம் தூங்கி வழிந்தது.

பட்டப்பகலில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன் அந்தப் பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, உள்ள மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கீங்களா?" ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார் பக்கத்து டயர் கடைக்காரர்.

எலக்ட்ரீஷியன் முழித்தார். எந்த ஜோக்கும் அவருக்கு மறுநாள்தான் புரியும். தெருவே அவரை டியூப்லைட் என்றுதான் கூப்பிடும். ஆனால் வயர் வேலை என்று வந்துவிட்டால் மனிதர் புலி. என் ஜாயின்ட் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை என்று முப்பது வருடமாக மார்தட்டிக்கொண்டிருக்கிறார்.

வண்டியைக் கொண்டுவந்த பெண் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நர்ஸ். விடியுமுன்பே டியூட்டிக்குக் கிளம்ப வேண்டும். போன வாரம் சைக்கிளில் போன ஒருவர் மயிரிழையில் தப்பியிருக்கிறார்.

"இன்னைக்கே சரி பண்ணிக் குடுங்கண்ணே. இல்லேன்னா நாளைக்கு யாரையாவது கொன்னுடுவேன்."

அவர் பேசும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ராத்திரித் தூக்கம் கெட்ட பெண் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். பல்புக்கு வந்து சேர்வதோ ஒன்பதுதான்.

"எவனோ ஒரு அரைகுறை இதுல கை வச்சிருக்கான்மா."

சொல்லிக்கொண்டே வயரைத் தடவிக்கொண்டு போனார். டேஷ்போர்டுக்கு அடியில் விரல் நின்றது.

ஒரு ஜாயின்ட். ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, இன்னொரு வயரைச் சேர்த்து முறுக்கியிருந்தது. டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறிப் பொடிந்து உதிர்ந்தது.

டேப் நீல நிறம். மூன்று சுற்று. முனையில் ஒரு சின்ன மடிப்பு, பின்னால் பிரிக்க வசதியாக.

அந்த மடிப்பு வைக்கும் ஆள் ஊரில் ஒருவர்தான்.

காது மடல் சூடாகிவிட்டது அவருக்கு. அவள் பக்கம் திரும்பாமலே அந்த இன்னொரு வயரின் பின்னால் போனார். கதவோரமாக, பின்சீட்டுக்கு அடியில் நுழைந்து, அது டிக்கிக்குள் போனது.

அப்போதுதான் நினைவு வந்தது.

பதினெட்டு வருடம் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் வந்தார். டிக்கிக்குள் ஒரு சின்ன விளக்கு வேண்டும், ஹெட்லைட் போட்டால் அதுவும் எரிய வேண்டும் என்றார். "நாயை அதுல ஏத்திட்டுப் போவேன். இருட்டா இருந்தா சத்தம் போடுது."

வாயில்லா ஜீவனுக்கு விளக்குப் போடுகிற மனிதர்! அன்றைக்கு டயர் கடையில் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சினார் எலக்ட்ரீஷியன்.

மறுமாதம் அதே ஆள் ஹாரன் வேலையாக வந்தார். நாய் உள்ளே இருக்கிறது, கடிக்கும், திறக்காதே என்றார். இவர் விளையாட்டாக டிக்கி மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு.

"வாலு பலமா இருக்கே சார்!" என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஆள் சிரிக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் டிக்கியைத் திறந்தார்.

அவர் போட்ட விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மூடியின் உள்பக்கம், வெளிச்சம் படுகிற இடத்தில், பெயின்ட்டைச் சுரண்டி ஏதோ எழுதியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார்.

அ. ஆ. இ. ஈ.

கோணல்மாணலாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஔ வரைக்கும்.



"ஏம்மா... இது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டியா?"

"இல்லண்ணே. சித்தப்பாவோடது. நான் சின்னதுலேர்ந்து அவர் வீட்லதான் வளர்ந்தேன். போன மாசம் போயிட்டார்."

அவர் கட்டரை எடுத்தார். அந்த வயரை வெட்டி எறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

"அத வெட்டாதீங்க." ஸ்டூலை விட்டு எழுந்து வந்திருந்தாள். "முன்னாடி வெளிச்சத்தக் கூட்டுங்க. இது பாட்டுக்கு இது எரியட்டும்."

அவர் கட்டரைக் கீழே வைத்தார். டிக்கி விளக்குக்குத் தனியாக ஒரு லைன் கொடுத்தார். பேட்டரியிலிருந்து தடித்த வயராக இழுத்து, ரிலே வைத்து, ஹெட்லைட்டுக்கு நேராகக் கொண்டுபோனார். ஜாயின்ட்டில் டேப்பைச் சுற்றினார். கடைசி மடிப்பை வைக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் சுவர் பளீரென்று வெளுத்தது. காரையின் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. அவரால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த நாய்..." மீட்டர் வயரைச் சுருட்டினார். "அந்த நாய் என்னாச்சும்மா?"

"எங்க வீட்ல நாயே கிடையாதுண்ணே."

கோபமில்லாமல்தான் சொன்னாள். டிக்கியை மெல்ல மூடினாள். பிறகு, அவர் முகத்தை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தபடி, விரல் முட்டியால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

இந்தத் தடவை பதில் தட்ட வேண்டியவர் அவர். கை எழவில்லை.