எடுக்காதவர்கள்

சாய்ந்த வெயில் மேசையில் கிடக்கிறது. புது மூட்டுவலி மாத்திரை சாப்பிட்டவர்களைப் போனில் கூப்பிட்டு, வலி குறைந்ததா என்று கேட்பது அவள் வேலை. காது கன்றிப்போயிருக்கிறது. மூன்று முறை எடுக்காதவர் பெயரை அடித்துவிடலாம் என்பது விதி. பதினொரு பெயரை அடித்தாயிற்று. எடுத்தவர்கள் அநேகமாக எல்லாரும் குணமானவர்கள். "எடுக்காதவங்களைக் கட்டிக்கிட்டு அழாதம்மா, அறிக்கை பிரமாதமா வருது," என்கிறார் மேலாளர். பன்னிரண்டாவது எண்ணில், மூன்றாவது முறை, ஒரு பெண் எடுக்கிறாள். "நேத்தும் நீதானாம்மா? நான் வேலைக்குப் போயிருந்தேன். அவரு எழுந்து வர்றதுக்குள்ள நின்னுபோச்சாம்." "வலி குறைஞ்சுதாக்கா?" "நல்லாக் கேட்ட போ. குறைஞ்சிருந்தா ஓடி வந்து எடுத்திருக்க மாட்டாரா?" 'குறையவில்லை' என்று குறித்துவிட்டு, அடித்த பெயர்களையே வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு முதல் பெயரின் எண்ணை அழுத்துகிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கலாம் என்று அவள் போனை வைக்காமலே இருக்கிறாள்.