பதினோராவது வாட்டர்மார்க்

“இன்னும் கொஞ்சம் மங்கலாக்கு” என்றார் கணவர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அவள் மங்கலாக்கினாள். இது பதினோராவது வாட்டர்மார்க்.

காலையிலிருந்து இதே கூத்துதான். பெயரைப் பெரிதாகப் போட்டால் படம் கெட்டுப்போகிறது என்கிறார். சிறிதாகப் போட்டால் எவனுக்குத் தெரியும் என்கிறார். மூலையில் வைத்தால் வெட்டிவிடுவானாம், நடுவில் வைத்தால் அசிங்கமாம். மங்கலாக்கினால் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பெயர் எங்கே என்று அவளிடமே கேட்கிறார்.

மனுஷனுக்கு என்னதான் வேண்டும்? படத்தைக் கெடுக்கக் கூடாது. சும்மா பார்க்கிறவன் கண்ணில் படக் கூடாது. ஆனால் எந்தத் திருடனாலும் எடுக்க முடியக் கூடாது. சொல்வதற்கு வாய் வலிக்கவா போகிறது? மௌஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிப்பது அவளுக்குத்தானே.

மாலைக்குள் படத்தைக் கண்காட்சிக்காரர்களுக்கு அனுப்பியாக வேண்டும். அவர்கள் இணையத்தில் பெரிதாகப் போடப் போகிறார்களாம். அதில் யார் பெயர் இருக்கும் என்பதுதான் இப்போது இந்த வீட்டின் ஒரே கவலை.

திரையில் அந்த வெல்டர் இருந்தார். ஸ்டுடியோ ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டபோது சரிசெய்ய வந்தவர். முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, உள்ளே முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு வாசல் பக்கம் நிமிர்ந்த நொடி. முகமெல்லாம் கரி. கரிக்கு நடுவே இரண்டு கண்கள்.

ஆறு வருடமாகிறது. ஸ்டுடியோவுக்கு ஒரு விலாசம் கிடைத்தது இந்தப் படத்தால்தான். பரிசு, பத்திரிகை அட்டை, சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் எல்லாம் இது கொண்டுவந்தவை.

கடைக்கு வருகிற எல்லோரிடமும் கணவர் இந்தப் படத்தின் கதையைச் சொல்லுவார். வெளிச்சம் எப்படி விழுந்தது, கை எப்படித் தானாகக் கேமராவுக்குப் போனது என்று. முதல் வருடம் இரண்டு வரியாக இருந்த கதை. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இணையத்தில் ஏற்றியதுதான் தாமதம், ஆளாளுக்குச் சுருட்டிக்கொண்டு போனார்கள். முதுகுவலித் தைலக்காரன் ஒருவன் விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டான். இன்னொருவன் அதன் மேல் காலை வணக்கம் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினான். போன வாரம் எவனோ கறுப்புக் கட்டம் கட்டி, கண்ணீர் அஞ்சலி என்றே போட்டுவிட்டான். வெல்டர் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். தன் சாவுச் செய்தியைத் தன் போனிலேயே பார்த்துவிட்டு, கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

இவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நேற்று பார்த்தது அதற்கெல்லாம் மேல். ஒருவன் கீழே தன் பெயரைப் போட்டு, தானே எடுத்த படம் என்று ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தான்.

அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவன் எடுத்ததைத் தன்னுடையது என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ, வெட்கம் மானம் ஒன்றும் கிடையாதா என்று நூறு தடவை கேட்டுவிட்டார். அவளும் நூறு தடவை ‘ம்’ கொட்டிவிட்டாள்.

“இதுவும் சரியில்லை” என்று பதினொன்றாவதையும் அழிக்கச் சொன்னார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கையாலேயே அவர் பெயரைப் பதினோரு தடவை அடித்து, பதினோரு தடவை அழித்திருக்கிறாள். மௌஸைத் தூக்கி அந்தச் சான்றிதழ்கள் மேல் எறிந்தால் என்ன என்றிருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. விரலைச் சொடுக்கினார்.

“கண்ணுக்குள்ள வச்சிடு! கருவிழியில, பொடி எழுத்துல. ஓரத்தை வெட்டுவான், தலையை வெட்டுவான், கண்ணை எவன் வெட்டுவான்?”

அவள் கை நின்றது.

“அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க.”

என்ன உளறுகிறாள் என்பதுபோல் அவர் குனிந்தார்.

அவள் வலது கண்ணைப் பெரிதாக்கினாள். நான்கு மடங்கு. எட்டு மடங்கு. கருவிழி திரை முழுக்க விரிந்தது. அதற்குள் ஸ்டுடியோ வாசல் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது, பாதியில் நின்ற ஷட்டரோடு. வாசலில் ஒரு ஆள். முகத்துக்கு முன்னால் கேமரா.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, இது நான்...” என்று விரலை நீட்டினார்.

அவள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

அந்த உருவத்தின் தோளில் ஒரு பின்னல் கிடந்தது. சுவரில் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றதால், கேமராவுக்குக் கீழே வயிறு நன்றாகத் தெரிந்தது. ஏழு மாத வயிறு.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு கல்யாண வேலையாக வெளியூரில் இருந்தார். அந்த வயிற்றுக்குள் இருந்தவன் இந்நேரம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான்.

நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது.

படம் கெடவில்லை. ஆறு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. எந்தத் திருடனாலும் எடுக்கவும் முடியவில்லை.

அவள் மௌஸிலிருந்து கையை எடுக்காமல், அவரைத் திரும்பியும் பார்க்காமல் கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் மங்கலாக்கணுமாங்க?”