இடப்பக்கம் நின்ற இறக்கை

"ஐயா, இந்தக் காற்றாலை இறக்கையை நீங்களாவே சாய்ச்சு வரைஞ்சீங்களா?" லிஸ்பெத் படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

ஹார்லெம் நகரச் சந்தையில் படங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த ஓவியர் பாரென்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? கண்ணால பார்த்ததைத்தாம்மா வரைவேன். அதை விடுங்க, அந்தக் கருமேகத்தைப் பாருங்க. மனுஷ வாழ்க்கையே அதான். நடுவுல தண்ணி மேல விழுது பாருங்க வெளிச்சம், அது..."

மேகமும் வெளிச்சமும் யாருக்கு வேண்டும்? அது அவள் அப்பா மாவரைக்கும் காற்றாலை. அவர்கள் ஊரில் ஓடாத ஆலையின் இறக்கைதான் ஊருக்குச் சேதி சொல்லும். மேல் இறக்கை உச்சிக்கு வருமுன் வலப்பக்கமே நின்றால் வீட்டில் சந்தோஷம். உச்சியைத் தாண்டி இடப்பக்கம் இறங்கி நின்றால் சாவு. படத்தில் கறுத்த நிழலுருவாய்த் தெரிந்த ஆலையில் அது இடப்பக்கம் நின்றது.

"எங்கப்பா போயிட்டாரு!" என்று விம்மினாள். "அந்த வீட்டுல அவரை விட்டா யாருமில்ல. படகோட்டியைக் கட்டிக்கிட்டேன்னு என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்தினாரு. நானும் மூணு வருஷமா வீம்பு பிடிச்சேனே, பாவி!"

பாரென்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அழாதீங்கம்மா. இதை வரைஞ்ச அன்னிக்கு எனக்கும் நேரம் சரியில்ல. எதிர்காத்து அறைஞ்ச அறையில புதுத் தொப்பி பின்னாடி பறந்து வாய்க்கால்ல போச்சு."

அழுகை சட்டென்று நின்றது. "எதிர்காத்தா? ஆலைப் பக்கமிருந்தா?"

"ஆமா. ஏன்?"

"ஆலை எப்பவும் காத்தைப் பார்த்துத்தானே நிக்கும்! அப்ப உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கு. பின்னாலிருந்து பார்த்தா இடது வலதாயிடும். அது சாவு இல்ல ஐயா, சந்தோஷம்!"

கண்ணைத் துடைத்தபடி சிரித்தவள், உடனே முகம் வாடினாள். அவ்வளவு நல்ல காற்றில் அப்பா ஆலையை நிறுத்தினார் என்றால் சின்ன விசேஷமாக இருக்காது.

"ஒண்டிக்கட்டைக்கு அப்படி என்ன சந்தோஷம்? என்னைத் தலைமுழுகிட்டு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரோ? அது என்னிக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"வரைஞ்ச தேதியைப் பின்னால எழுதிடுவேன்." பாரென்ட் படத்தைத் திருப்பி வாசித்தார். "இந்த வருஷம் மே பதினாலு."

லிஸ்பெத் படத்தைப் பிடுங்கி அந்தத் தேதியைத் தானே வாசித்துப் பார்த்தாள். அது அவளுடைய பிறந்த நாள்.