சிரிக்க வைக்கும் இலை

“தம்பி, நாலு மணிக்கு ஏசி ரிப்பேர் பண்றவங்க வர்றாங்களாமுங்க. பால்கனிக் கதவைத் திறந்து வெக்கச் சொல்லி வாட்ச்மேன் சொல்லீட்டுப் போறான்.”

எதிர் வீட்டுச் சுந்தராம்பாள் வாசலில் நின்று சொன்னாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. எபினின் மனைவி ஷாஜினி இருந்தவரை தினமும் வந்துபோனவள்.

அவன் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். மணி பார்த்தான். மூன்று பத்து.

பால்கனியில், தார்ப்பாய் மறைவுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஒரு கஞ்சாச் செடி நின்றது.

குவைத்தில் அதோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வளர்த்தான். ஷாஜினிக்காக.

கீமோ தொடங்கிய பிறகு அவள் வயிற்றில் ஒரு வாய் கஞ்சி தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. எபினோடு படித்த பெபின் கப்பலில் வேலை பார்க்கிறான். மார்ச் மாதம் இங்கே குவைத்தில் ஃபஹாஹீலுக்கு வந்தபோது ஃபிலிம் டப்பாவில் எட்டு விதை கொண்டுவந்தான். மும்பையில் யாரிடமோ வாங்கியதாம்.

“லேய், இது நம்ம ஊரு கஞ்சா கெடையாது. ரெண்டு ஜாதி கலந்தது. சாட்டிவா கூடுதல், இண்டிகா கொஞ்சம். இண்டிகான்னா ஆளை உறங்க வைக்கும். இது முழிக்க வைக்கும். பசிக்கும். சிரிப்பு வரும்.”

அடையாளமும் சொல்லிவிட்டுப் போனான். கிடுகிடுவென்று உயரும். இலை விரித்த விரல் மாதிரி ஒடுக்கமாக இருக்கும். வாயில் வைத்தால் எலுமிச்சைபோல லேசாகப் புளிக்கும்.

எல்லாம் அப்படியே இருந்தது. எட்டில் ஒன்றுதான் முளைத்தது. வாரத்துக்கு ஒரு சாண் ஏறியது. தண்டில் மட்டும் பொடிப்பொடியாக முள். கலப்பு ஜாதி என்றால் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டான். அவன் படித்தது மெக்கானிக்கல். செடி கொடி பற்றி ஒன்றும் தெரியாது.

டியூட்டி முடிந்து வந்ததும் ஆறு இலை பறித்துக் கொதிக்க வைத்து ஒரு டம்ளர் கொடுப்பான். முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவன் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். பொட்டுத் தூக்கம் இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் அது வேலை செய்தது. இரண்டு மடக்கு குடித்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“பிடிச்சிட்டுன்னு நினைக்கேன்,” என்றாள். பிறகு மூன்று ஸ்பூன் கஞ்சி குடித்தாள். அதற்குப் பின் தினமும் அந்த டம்ளரும் அந்தச் சிரிப்பும். ஏழு வாரம். எபினும் தூங்க ஆரம்பித்தான்.

ஜூன் மாதம் அவளை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினான். பதினெட்டு நாள் கழித்து வந்து பார்த்தபோதும் செடி வாடாமல் நின்றது. எப்படி என்று யோசிக்கத் தெம்பில்லை. அன்றே வெட்டியிருக்க வேண்டும். தினம் கத்தியை எடுப்பான், தண்ணீர் ஊற்றிவிட்டு வருவான். கடைசி நாட்களில் அவளைச் சிரிக்க வைத்தது இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

இப்போது வேறு வழியில்லை. மூன்றே கால்.

வெட்டினான். தண்டு நாராக இழுத்தது. கத்தி வழுக்கிக் கட்டை விரலில் பட்டது. ஒரு பிடி இலையை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விட்டான். தண்ணீர் இறங்காமல் மேலே ஏறியது. கையை விட்டு அள்ளினான். மிச்சத்தை முறித்துக் கறுப்புக் குப்பைப் பையில் அமுக்கினான். கதவுவரை போனான். படிக்கட்டில் பேச்சுச் சத்தம். திரும்பி வந்தான். கட்டிலுக்கடியில் தள்ளினான். மறுபடி இழுத்தான். உட்கார்ந்தான். எழுந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது.

மூன்றே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. முன்கூட்டியே வந்துவிட்டார்கள். பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திறந்தான்.

சுந்தராம்பாள். கையில் ஒரு சாவி.

“இது உங்க வீட்டுச் சாவிங்க. ஷாஜினி குடுத்து வெச்சிருந்தா. நீங்க ஊருக்குப் போனப்ப இதுலதான் தொறந்து தண்ணி ஊத்துனேன். திருப்பிக் குடுக்கணும்னு…” அவள் கண் அவன் சட்டையில் ஒட்டியிருந்த இலையில் நின்றது. பிறகு கதவோரம் வாய் பிளந்து கிடந்த பைக்குப் போனது. “ஏனுங் தம்பி, செடியவா வெட்டிப்போட்டீங்க?”

எபின் சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டான்.

“அக்கா, ஆருகிட்டயும் சொல்லிராதீங்க. அது கஞ்சா. அவளுக்காகத்தான் வளர்த்தேன். ஏசிக்காரங்க இப்ப வந்துருவாங்க.”

அவள் பதறவில்லை. குனிந்து பையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது புளிச்சக்கீரைங்க தம்பி. எங்கூருல கடைஞ்சு சோத்துல போட்டுத் திம்போம். ஈஸ்டருக்கு மறுநா வந்தப்பவே அவகிட்டச் சொல்லிப்போட்டேன். ‘அவருகிட்டச் சொல்லிராதீங்கக்கா, நான் குடிச்சிட்டுச் சிரிச்சாலாவது அவரு தூங்குவாரு’ன்னா.”