கால்மிதி வெடி

வெடியைக் கால்மிதிக்கு அடியில் வைத்துவிட்டு, மேடாகத் தெரிகிறதா என்று முனியராஜ் குனிந்து குனிந்து பார்த்தான்.

"பொம்பளப் பிள்ளைக மிதிச்சுப் பயந்துட்டா என்னலே செய்ய?" என்று பாண்டிராஜிடம் கேட்டான்.

"பட்டாசு ஊர்ல பொறந்ததுக வெடிக்கா பயப்படும்? நீதான்லே நடுங்குற."

எம். புதுப்பட்டியில், டீக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பு தொடங்கும் நேரம். சார் இன்னும் வரவில்லை.

அது மருந்தில்லாத வெடி. பழைய மவுஸ் ஒன்றைப் பிரித்து, அதன் இடது பட்டனிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து, அட்டைகளில் ஒட்டிய வெள்ளித்தாளோடு இணைத்திருந்தான் முனியராஜ். கால்மிதியை மிதித்தால் மவுஸ் க்ளிக் ஆகும். உடனே விஷுவல் பேசிக்கில் அவன் எழுதிய புரோகிராம், போன தீபாவளிக்குப் பதிந்து வைத்த அணுகுண்டு வெடியின் சத்தத்தை ஸ்பீக்கரில் போடும்.

நேற்று சோதித்தபோது பிரமாதமாக வெடித்தது. இன்று கடைசி நேரத்தில் ஒரு ஒயர் விட்டுப்போனது. பிளக் பாயின்ட் எதுவும் காலியில்லாததால், கைக்குக் கிடைத்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு சால்டரிங் அயர்னைச் சொருகி, அவசரமாகப் பற்றவைத்திருந்தான். மறுபடி சோதித்துப் பார்க்கவில்லையே என்பதுதான் அவனுக்கு உறுத்தலாக இருந்தது.

"வந்துட்டாளுகலே!" என்று பாண்டிராஜ் கிசுகிசுத்தான்.

பொன்மணியும் தஹ்மீனாவும் படியேறி வந்தார்கள். "போயித்தான் சோறு ஆக்கணும். சீசன்ல அம்மாவுக்கு ஓவர்டைம். பட்டாசுக் கம்பெனிய விட்டு வர எட்டாயிரும்" என்று சொல்லிக்கொண்டே பொன்மணி செருப்பைக் கழற்றிவிட்டு, கால்மிதியில் கால் வைத்தாள்.

டமார்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாண்டிராஜ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "எம்புட்டு பவருலே ஒன் மவுசுக்கு!"

முனியராஜுக்கும் சிரிப்பு வந்தது. நினைத்ததைவிடப் பலமாகவே வெடித்திருந்தது.

பொன்மணி கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய் "அம்மா" என்றாள். அப்படியே திரும்பி, வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள்.

"ஏ பொன்மணி, செருப்ப விட்டுட்டுப் போறயே!" என்று பாண்டிராஜ் பின்னாலிருந்து கத்தினான்.

தஹ்மீனா கால்மிதியைத் தூக்கினாள். அட்டையையும் ஒயரையும் கண்டதும் அவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க செஞ்ச வேலையா இது? அவ அம்மா கம்பெனில மருந்து கலக்குற ரூம்ல இருக்காக. நம்மூர்ல போட்டு வெளையாடுற சத்தமா இது? வெக்கமா இல்ல?"

பாண்டிராஜின் சிரிப்பு நின்றது. முனியராஜ் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். அறுந்த வாரை ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள். எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்தவன், அந்தச் சத்தம் யார் நெஞ்சில் போய் விழும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினான்.

கீழே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு ரோட்டுக்கு வந்து நின்றார்கள். "எந்தப் பக்கம்லே சத்தம்?" என்றார் அவர்களில் ஒருவரான ஆண்டிச்சாமி.

இங்கு வரைக்குமா கேட்டிருக்கிறது! முனியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணுமில்ல மாமா. மேல கம்ப்யூட்டர்ல நான் போட்ட சத்தம்தான். வெளையாட்டுக்கு..."

"வெளங்குவியாலே நீ?" அவர் மிச்ச டீயைத் தரையில் வீசிவிட்டு உள்ளே போனார். மற்றவர்களும் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பால் சொசைட்டி முக்கில்தான் பொன்மணியைப் பிடிக்க முடிந்தது. மூச்சு வாங்க அவள் முன்னால் போய் மறித்தான்.

"பொன்மணி, நில்லு! வெடியே இல்ல. எல்லாம் பொய்."

"வழிய விடுங்க!"

"அது மவுசு. கால்மிதிக்குக் கீழ வச்சேன். நீ மிதிச்சதும் கம்ப்யூட்டர்ல வெடிச் சத்தம் கேக்குற மாதிரி செஞ்சது நான்தான்."

அவள் கண்கள் அவன் முகத்திலேயே நின்றன. "நெசமாவா சொல்றீக?"

"சத்தியமா. கம்பெனில ஒண்ணும் ஆகல. ஒங்கம்மா நல்லாருக்காக." செருப்பை நீட்டினான். "இதாலயே என்னைய அடி."

அவள் அடிக்கவில்லை. செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். முனியராஜ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அவனுடைய கைகள் அவனுக்கே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே இப்படியெல்லாம் வெளையாடாதீக" என்றாள். திட்டக்கூட இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சென்டரை நோக்கி நடந்தாள். அவன் நாலடி பின்னால் வந்தான். மேலே போனதும் முதல் வேலையாக அந்தப் புரோகிராமை அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

படிக்குக் கீழே பாண்டிராஜ் நின்றிருந்தான். அவன் சட்டையில் மேசை கருகிய வாடை. முனியராஜ் பிடுங்காமல் விட்ட சால்டரிங் அயர்னைப் பிடுங்கப் போயிருக்கிறான். கையில் பிளக்கோடு ஒரு கறுப்பு ஒயர் தொங்கியது.

அவன் பொன்மணி பக்கமே திரும்பவில்லை.

"ஏலே முனியா, ஸ்பீக்கர் சொருகவே இல்லையேலே."